தொழில் ரகசியச் சட்டம் எப்போது வரும்? ஒன்றிய அமைச்சர்கள் இருவருக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய சட்டம் மற்றும் நீதித்துறை அமைச்சருக்கும், வணிகம் மற்றும் தொழில்துறை அமைச்சருக்கும்,

இந்தியச் சட்ட ஆணையம் தனது 289-ஆவது அறிக்கையை 2024 மார்ச் மாதம் அரசிடம் கொடுத்தது. தொழில் ரகசியங்களும் பொருளாதார உளவும்தான் அதன் பொருள். தொழில் ரகசியத்தைக் காக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்ததோடு ஆணையம் நிற்கவில்லை. ஒரு மசோதாவையே எழுதி அறிக்கையின் பின்னால் இணைத்துக் கொடுத்தது. நான் இதை எழுதும்வரை அந்த மசோதா நாடாளுமன்ற வாசலைக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அறிக்கை வந்து சேர்ந்தது சட்டத்துறைக்கு. காப்புரிமை, வணிகக் குறி போன்றவற்றைக் கவனிப்பது தொழில்துறை. ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைக் கைகாட்டிப் பதில் வரும் என்பது எங்களுக்குப் பழகிப்போன கதை.

நான் திருப்பூரில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது மற்றவர்களின் துணிக்குக் கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் ஒரு நடுத்தரமான டையிங் யூனிட் நடத்துகிறேன். சாயம் போடுவதில் அப்படி என்ன ரகசியம் என்று டெல்லியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். சொல்கிறேன்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். நேவி, கறுப்பு, ஒயின் மாதிரி அடர்ந்த ஷேடுகளுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 80 கிராம், சில சமயம் அதற்கும் மேலே போகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. மொத்தமும் கழிவுநீரில் வந்துவிடுகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாதவர்களுக்கு மட்டுமே இனி அனுமதி என்று அதன்பின் ஆனது. அன்றிலிருந்து நாங்கள் போடும் ஒவ்வொரு கிலோ உப்புக்கும் இரண்டு முறை காசு கொடுக்கிறோம். வாங்கும்போது ஒரு முறை. கழிவுநீரை ஆர்.ஓ.வில் ஓட்டி, எவாப்பரேட்டரில் காய்ச்சி, திரும்பப் பிரித்தெடுக்கும்போது இன்னொரு முறை. ஆகவே ஷேடு கெடாமல், துவைத்தால் சாயம் போகாமல், உப்பைப் பாதியாகக் குறைத்துக் காட்டுகிறவனுக்குக் கிலோவுக்கு நிற்கும் லாபம் வேறு. பையர் கேட்கும் ரேட்டுக்கு அவனால் தைரியமாகத் தலையாட்ட முடியும்.

எங்கள் லேபில் அதைத்தான் செய்தோம். எந்தச் சாயத்தோடு எதைச் சேர்ப்பது, எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் நிறுத்துவது, சோடாவை எத்தனை தவணையாக விடுவது என்று ஷேடு ஷேடாக, வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்துச் சேர்த்த ரெசிபிகள். வீணான துணி எத்தனை கிலோ என்று கணக்குப் போட எனக்கு இப்போதும் மனம் வராது. முதல் தடவையிலேயே ஷேடு சரியாக விழுந்து, டாப்பிங் (ஷேடைச் சரிசெய்ய மறுபடி சாயம்) போடும் வேலையே இல்லாமல் மெஷினிலிருந்து துணி இறங்கும் அளவுக்கு வந்தோம். பாதி கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு இருந்தது. மீதி, பூட்டிய அலமாரியில் கையால் எழுதிய லெட்ஜரில். வேலைக்குச் சேர்ந்த எல்லோரிடமும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தோம்.

அந்த ரெசிபிகள் போய்விட்டன. வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஒரு பையிங் ஏஜென்ட் மூலமாக வழக்கமாக வரும் ஆர்டர் ஒரு சீசனில் நின்றது. அதே ஷேடுகள் எங்களைவிடப் பெரிய ஒரு யூனிட்டில், எங்களைவிடக் குறைந்த ரேட்டில் ஓடின. சரி, போட்டி என்றால் அப்படித்தான் என்று விட்டிருப்பேன். பிறகு ஒரு நாள் காம்பேக்டிங்குக்கு (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தும் வேலைக்கு) வந்த துணியோடு, செய்முறை எழுதி அனுப்பும் அந்த யூனிட்டின் பேட்ச் கார்டு ஒன்று தவறுதலாக எங்கள் கைக்கு வந்தது. சூடு, நேரம், வரிசை எல்லாம் எங்களுடையவை. அதுகூடத் தற்செயல் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் எங்கள் லேபில் ஒரு பையன் ஆரம்பத்திலிருந்தே தப்பாக எழுதி, நாங்களும் திருத்தாமல் விட்ட ஒரு சுருக்கெழுத்து அந்தக் கார்டில் அச்சு மாறாமல் இருந்தது.

எங்களிடமிருந்து விலகிய லேப் ஊழியர் ஒருவர் அப்போது அங்கே வேலையில் இருந்தார். அதற்கு முன்பே, பையரின் தலைமையகத்து டெக்னிக்கல் டீம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பையிங் ஏஜென்ட் சில ஷேடுகளுக்கான முழு ப்ராசஸ் ஷீட்டை எங்களிடமிருந்து வாங்கியிருந்தார். எந்த வழியாகப் போனது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சட்டம் எனக்கு என்ன கொடுத்தது என்பதுதான் இந்த மடல்.

முதலில் காவல் நிலையம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட உதவி ஆய்வாளர், “லெட்ஜர் எங்கே சார் இருக்கு?” என்றார். அலமாரியில் என்றேன். “அப்போ என்ன சார் காணாமப் போச்சு?” என்றார். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திருட்டு என்றால் ஒரு பொருள் ஒருவர் வசத்திலிருந்து நகர வேண்டும். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய நியாய சன்ஹிதாவிலும் அதுதான் நிலை. நகலெடுத்தால் எதுவும் நகர்வதில்லை, மதிப்பு மட்டும்தான் போகிறது.

அப்புறம் வழக்கறிஞர். நல்லவர், விஷயம் தெரிந்தவர். சட்டம் ஒன்று ஒன்றாக எடுத்து வைத்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை எடுத்தால் இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஆனால் லேப் ஊழியருக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க நாங்களே அனுமதி கொடுத்திருந்தோம், மீதி லெட்ஜரில் இருந்தது. பதிப்புரிமையில் ஒரு சந்து இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலைப் பதிப்புரிமை பெற்ற தொகுப்பாகக் கருதி டெல்லி உயர் நீதிமன்றம் 1995-ல் ஒரு தபால்வழி விற்பனை நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பதிப்புரிமை எழுத்தைக் காக்குமே தவிர, எழுத்தில் இருக்கும் செய்முறையைக் காக்காது. கொஞ்சம் மாற்றி எழுதினால் முடிந்தது. காப்புரிமை வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். காப்புரிமை என்றால் செய்முறையை ஊரறியப் பிரசுரிக்க வேண்டும். பிரசுரித்த பிறகு அடுத்த யூனிட்டின் மெஷினுக்குள் என்ன ஓடுகிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? சாயம் ஏறி, அலசி, காய்ந்து வந்த துணியைப் பார்த்து எத்தனை கிராம் உப்பு போட்டார்கள் என்று எந்தப் பரிசோதனைக் கூடமும் சொல்லாது.

மிஞ்சியது ஒப்பந்தம். எங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது அந்த ஊழியரோடு. பயனடைந்த பெரிய யூனிட்டோடு இல்லை. பையிங் ஏஜென்டிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கும் நிலையில் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட் திருப்பூரில் ஒன்று இருந்தால் எனக்குக் காட்டுங்கள். அடுத்த மாத ஆர்டரே போய்விடும். ஆக, சட்டம் எனக்குத் தெளிவாகக் காட்டிய ஒரே எதிரி, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு லேப் பையன். அவன் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் எனக்கு என்ன கிடைக்கும்?

வழியே இல்லை என்று நான் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், நம்பிக்கையில் கொடுத்த தகவலைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று நம் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கால்நடைத் தீவனம் வளர்க்கும் ஓர் இயந்திரம் பற்றிய வழக்கில், வியாபாரப் பேச்சின்போது நம்பிக்கையில் கொடுத்த வரைபடங்களை வைத்து எதிர்த்தரப்பு அதே மாதிரி இயந்திரம் செய்வதை 1987-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அது நீதிபதிகள் நியாய உணர்வில் கட்டிய சட்டம். ஒரு வழக்கில் கிடைப்பது அடுத்த வழக்கில் கிடைக்காது. உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்கறிஞரை நிறுத்த வசதியுள்ளவருக்கு அது சட்டம். எனக்கு அது செய்தி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வழக்குப் போட வேண்டுமானால் எது ரகசியம் என்று துல்லியமாக மனுவில் எழுத வேண்டும். மொட்டையாக ‘எங்கள் செய்முறை’ என்றால் நீதிமன்றம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. எழுதினால் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். என்னிடமிருந்து போனது சில ஷேடுகள்தான். மனுவில் நான் எழுத வேண்டியது அந்த ஷேடுகள் பிறந்த முழு முறையையும். திருட்டுப் போன சாமானைக் கேட்கப் போனவன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்கிற கதை இது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு விதிகளில் ரகசிய ஆவணத்தைக் குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட அளவில் அப்படி ஒன்றை நம்பிப் போக என் வழக்கறிஞருக்கே தைரியம் வரவில்லை. நான் வழக்குப் போடவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் அறிவுசார் சொத்து வழக்குகள் எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வணிகக் குறி, பதிப்புரிமை, காப்புரிமை, டிசைன், டொமைன் பெயர், புவிசார் குறியீடு, செமிகண்டக்டர் சுற்று வரைக்கும் அதில் உண்டு. தொழில் ரகசியம் இல்லை. வேறு ஏதாவது தலைப்பில் நுழைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த அலட்சியத்துக்கு வயது அதிகம். 1989-ல் காட் (உலக வர்த்தக அமைப்புக்கு முன்பிருந்த வர்த்தக உடன்பாடு) பேச்சுவார்த்தையின்போது, தொழில் ரகசியம் அறிவுசார் சொத்தே ஆகாது, ஒப்பந்தச் சட்டமும் சிவில் சட்டமும் அதற்குப் போதும் என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ரகசியம் வைத்திருந்தவை வெளிநாட்டுக் கம்பெனிகள், கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம். கோகோ கோலா தன் சூத்திரத்தைப் பகிர மறுத்து 1977-ல் நாட்டைவிட்டே போன காலத்தின் நிழல் அது. (அந்தக் கம்பெனிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக முடிந்தது, 1993-ல் திரும்பி வரவும் முடிந்தது. நான் நொய்யல் கரையை விட்டு எங்கே போவது?) பேச்சுவார்த்தையில் நம் வாதம் எடுபடவில்லை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துக்கான டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் 39-ஆவது விதியாக வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்பு வந்தது, நாமும் ஏற்றுக் கையெழுத்திட்டோம். அதன் பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில்தான். 2008-ல் தேசிய புத்தாக்க மசோதா என்று ஒரு வரைவு வந்து போனது. 2016-ன் தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை, தொழில் ரகசியத்தை ஆராய வேண்டிய விஷயம் என்றது. 2021-ல் வணிகத்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது 161-ஆவது அறிக்கையில் தனிச்சட்டத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. 2024-ல் சட்ட ஆணையம் மசோதாவையே கொடுத்துவிட்டது. இதற்குள் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2016-லேயே, ஒரே ஆண்டில், இதற்கான சட்டங்களைச் செய்து முடித்துவிட்டன. இன்று ரகசியம் வைத்திருப்பது வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டும் அல்ல. திருப்பூர் லேப், சிவகாசியின் பட்டாசு மருந்துக் கலவை அறை, கோவை ஃபவுண்டரி, எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் பட்டுக் கற்ற ஒன்று பூட்டிய அலமாரியில் இருக்கிறது. 1989-ன் கண்ணோட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர்களையே இப்போது வெட்ட வெளியில் நிறுத்தியிருக்கிறது.

சட்டம் வேண்டும் என்று கேட்கும்போதே அது எப்படி இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே என் முதலாளி நண்பர்கள் சிலருக்கு என் மேல் கோபம் வரும்.

இந்தச் சட்டம் டையிங் மாஸ்டர்களின் காலில் போடும் விலங்காக மாறக் கூடாது. எங்கள் மாஸ்டர் ஈரத்துணியைக் கையில் எடுத்துப் பார்த்தே, காய்ந்த பிறகு ஷேடு எவ்வளவு இறங்கும் என்று சொல்லிவிடுவார். அந்த அறிவு அவருடையது. நாளைக்கு அவர் பக்கத்து யூனிட்டுக்குப் போனால் அதுவும் கூடவே போகும், போகத்தான் வேண்டும். லெட்ஜரில் இருக்கும் ரெசிபி வேறு விஷயம், அது யூனிட்டின் சொத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் சட்டம் தெளிவாகக் கோடு கிழிக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு இன்னின்ன இடத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. அது தெரிந்தும் அப்படி எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ரகசியத்தைக் காக்கச் சட்டம் இல்லாததால் ஆளைப் பூட்டுகிறார்கள். 2006-ல் ஒரு வங்கி தன் முன்னாள் ஊழியர் மேல் போட்ட வழக்கில், ரகசியம் என்ற பேரில் ஒருவரைக் கட்டாயமாக வேலையில் நிறுத்தி வைக்க முடியாது என்ற பொருளில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ரகசியத்துக்கு ஒரு சட்டம் இருந்தால் 27-ஆவது பிரிவைத் தளர்த்துங்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, கழிவு. நொய்யல் ஆற்றில் எங்களுக்குக் கீழே உள்ள ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. எங்கள் ஊர்ச் சாயக்கழிவு அதில் போய் நின்று விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. அந்த வரலாறு உள்ள ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எந்த ரசாயனத்தை வெளியே விடுகிறோம் என்பது எவனுடைய தொழில் ரகசியமும் ஆக முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டாலும், இரவில் குழாய் திறக்கப்படுவதைப் பார்த்த தொழிலாளி வெளியே சொன்னாலும், ரகசியம் என்று சொல்லி யாரும் தப்பிக்க வழி இருக்கக் கூடாது. தவறை அம்பலப்படுத்துகிறவர்களுக்கும் பொதுநலனுக்கும் விலக்கு வேண்டும் என்று சட்ட ஆணையமே சொல்லியிருக்கிறது. மசோதா உங்கள் கையில் மெலிகிற வேளையில் முதலில் காணாமல் போவது அந்த வரிகளாக இருக்கக் கூடாது.

ஆகவே கேட்கிறேன்.

சட்ட ஆணையத்தின் மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டு, அதன்பின் வரும் கூட்டத்தொடரில் நாடாளுமன்றத்தில் வையுங்கள். கருத்துக் கேட்பதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இணையத்தில் போட்டு முப்பது நாள் என்று முடித்துவிடாதீர்கள். தமிழிலும் மற்ற மொழிகளிலும் வரைவு வேண்டும். திருப்பூர், சூரத், லூதியானா மாதிரித் தொழில் ஊர்களுக்கு அதிகாரிகள் நேரில் வந்து, முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒரே அறையில் வைத்துக் கேட்க வேண்டும்.

மசோதா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் அறிவுசார் சொத்துப் பட்டியலில் தொழில் ரகசியத்தையும் சேருங்கள். கூடவே, மாவட்ட வணிக நீதிமன்றங்களில் இந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்கவும், ரகசிய ஆவணத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் நீதிமன்றம் நியமிக்கும் நிபுணரும் மட்டும் பார்க்கவும் உயர் நீதிமன்றங்களோடு பேசி விதி செய்யுங்கள். சாயத்துறை தெரிந்த நிபுணர்கள் இங்கே டெக்ஸ்டைல் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள்.

சட்டத்தின் முதல் குறி, ரகசியத்தை வாங்கிப் பயன்படுத்திய நிறுவனமாக இருக்க வேண்டும். எடுத்துக் கொடுத்த ஊழியர் பொறுப்பிலிருந்து தப்பக் கூடாதுதான். ஆனால் இழப்பீட்டின் பெரும்பங்கு லாபம் பார்த்தவரிடமிருந்து வர வேண்டும். பையர், ஏஜென்ட், தணிக்கைக்காரர் என்று யார் வேலை நிமித்தம் செய்முறைத் தகவலை வாங்கினாலும், கையெழுத்து இல்லாமலேயே அதை ரகசியமாக வைக்கும் கடமை அவர்களுக்கு உண்டு என்று சட்டத்திலேயே எழுதுங்கள். நாங்கள் கேட்க முடியாத கையெழுத்தைச் சட்டம்தான் வாங்கித் தர வேண்டும்.

ரகசியத்தைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பது டிரிப்ஸ் விதியிலேயே உள்ள நிபந்தனை. அந்த நியாயத்தை யூனிட்டின் அளவை வைத்துப் பாருங்கள். பன்னாட்டு மருந்துக் கம்பெனியின் சர்வர் பாதுகாப்பை என் லேப் அலமாரியிடம் எதிர்பார்க்காதீர்கள். பூட்டும் பதிவேடும் கையெழுத்தும் இருந்தால் சிறு தொழிலுக்கு அது போதும் என்று விதிகளில் எழுதுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் அலுவலகங்களில் தமிழில் மாதிரி ஒப்பந்தங்கள் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

தொழிலாளியின் அனுபவமும் திறமையும் தொழில் ரகசியம் ஆகாது என்பதையும், 27-ஆவது பிரிவில் கை வைக்க மாட்டோம் என்பதையும், கழிவு, ரசாயனம், தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய தகவலுக்கு இந்தச் சட்டம் திரையாகாது என்பதையும் மசோதாவின் உடம்பிலேயே வையுங்கள், விளக்கக் குறிப்பில் அல்ல.

கடைசியாக, இதற்குச் சட்டமோ திருத்தமோ வேண்டாம், ஒரு கடிதம் போதும். 289-ஆவது அறிக்கையை அரசு ஏற்றுக்கொண்டதா இல்லையா, இல்லையென்றால் எந்தப் பகுதியை, எந்தக் காரணத்துக்காக என்று உங்கள் இரண்டு அமைச்சகங்களும் சேர்ந்து ஒரே பதிலை எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் சாயச்சாலை உரிமையாளர் ஒருவர்